முப்பத்தோராம் பக்கம்

புதுச்சேரி
டிசம்பர் 9

அன்பு மகள் கவிநிலாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பா, நான், தம்பி செம்மல் மூவரும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், கவுகாத்தி குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். நம் தெருப் பள்ளிக்கூடத்தில் என்னதான் நடந்தது என்று நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. போனில் ஆரம்பித்தால் நீ பாதியில் அழுவாய், நான் வைத்துவிடுவேன், அதனால் தாமதமானாலும் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. அப்பா வழக்கம்போல விடியலில் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார், முழங்கால் வலிக்குத் தைலம் போடச் சொன்னால் கேட்பதில்லை, நர்ஸ் படிக்கிற நீ சொன்னால் ஒருவேளை கேட்பார்.

உனக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் செல்வாம்பாள் டீச்சரைத் தலைகுனிய வைத்தது நான்தான். உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவர், உனக்கு அம்மை போட்டிருந்தபோது வீட்டுக்கே வந்து பாடம் சொல்லிக்கொடுத்தவர், எதையும் நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது அது நீ படித்த காலத்துப் பள்ளிக்கூடமாக இல்லை. நாற்பத்தொரு பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இருந்தது இரண்டு டீச்சர், அதில் ஒருவரை இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்வித்துறை ஆபீஸ் வேலைக்கென்று அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதி இருப்பது செல்வாம்பாள் டீச்சர் மட்டும். ஆய்வில் பிள்ளைகள் வாசிக்கத் திணறினால் பள்ளியை மூடி, கடலூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. அதற்காக டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம், அதை மட்டும் ஒரு மாதம் சொல்லிச் சொல்லி மனப்பாடம். நம் செம்மலுக்கு முப்பத்தொன்று. ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் அதைக் கடகடவென்று படித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, எங்கே அடுத்த பக்கமும் படிடா என்றேன். புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எனக்கு விவரம் தெரியாததுபோல, அது அஸாருதீன் பக்கம்மா, என்னுது இதுதான் என்றான். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதியவள் நான், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதது இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. அந்த வெட்கமும் எனக்கு இருக்கிறது கவி, டீச்சர் மேல் மட்டும் பழியைப் போடவில்லை.

மறுநாள் பெற்றோர் குழு சார்பில் நானும் அஸாருதீனின் அம்மா நஸ்லினும் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி விஜயராகவன் சார் கேட்ட பிள்ளையெல்லாம் தன் பக்கத்தைத் திறந்து படித்தது, அவரும் பலே பலே என்று சொல்லிவிட்டு, வாசிப்பு திருப்தி என்று எழுதிக் கையெழுத்துக்கு நோட்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பிள்ளைங்க புத்தகத்தை மாத்திக் குடுத்து நீங்க ஒரு பக்கம் எடுத்துப் படிக்கச் சொல்லுங்க சார் என்றேன். நஸ்லின் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, அக்கா சும்மா இரு, மூடிட்டுப் போயிடுவாங்க, ரோட்டைத் தாண்டி யாரு கொண்டுபோய் விடறது என்று காதில் சொன்னாள். அவர் மாற்றிக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர் படித்தார்கள், மற்ற பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றன. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதை அப்படியே எழுதினா ஸ்கூலை இணைச்சிடுவாங்க, யோசிச்சிப் பேசும்மா என்றார் அதிகாரி. யோசிச்சிட்டுதான் சார் வந்தேன், எழுதுங்க, ஆனா ஒரு டீச்சரைக் கொண்டுபோனது யாருன்னும் அதுலயே எழுதுங்க, அஞ்சு வகுப்பை ஒருத்தங்க தலையில கட்டுனா அவங்க மட்டும் இன்னா பண்ணுவாங்க, அது இல்லாத நோட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து எழுதினார். ஒவ்வொரு வரியும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இன்றுவரை புது டீச்சரும் வரவில்லை, இணைப்பு உத்தரவும் வரவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் செல்வாம்பாள் டீச்சர் அந்தப் பக்கம் கடந்து போய்விடுகிறார். நஸ்லின் பத்து நாள் என்னோடு பேசவில்லை, இப்போது அவளே சாயங்காலத்தில் அஸாருதீனைக் கொண்டுவந்து விடுகிறாள். செம்மலும் அவனும் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளை புத்தகம் என்று முதல் நாள் செம்மல் அழுதான், அழட்டும் என்று விட்டேன். மூடுகிற உத்தரவு வந்தால் நாற்பத்தொரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கல்வித்துறை ஆபீஸ் வாசலிலேயே உட்காருவதாக நானும் நஸ்லினும் முடிவு செய்துவிட்டோம், அப்பாவும் ஆட்டோவில் ஏற்றிவருகிறேன் என்கிறார்.

டீச்சரிடம் மன்னிப்புக் கேள் என்று நீ எழுதியிருந்தாய். அதை மட்டும் என்னிடம் கேட்காதே. உனக்குப் படிப்புக் கொடுத்ததற்கு நன்றி சொல்லச் சொன்னால் இன்றைக்கே அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன், செம்மலுக்குக் கொடுக்காததற்கு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

வேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டிக்குக் காதில் துணி கட்டாமல் போகாதே. நல்ல பெயரோடு படித்து முடித்து வர அம்மா அப்பா ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறந்துவிடாமல் செல்வாம்பாள் டீச்சருக்குப் போன் செய், எனக்காக ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் சொல், அவருக்கு அது தெரிய வேண்டும்.

உன் அம்மா
சரிதா