ஊற்று தானாக வற்றியது

ஜூலை 3, 2018, செவ்வாய்

எங்கள் கிணற்று மோட்டார் இன்று காலை வெறும் காற்றை இழுத்தது. லிபோவினில் நாற்பத்திரண்டு வீடுகள், அதில் பத்தொன்பது வீட்டுக் கிணறுகள் வற்றிவிட்டன. ஆண்டுதோறும் ஊரில் நடப்பதைப் பதியும் ஊர்க்குறிப்பேட்டை எழுதுகிறவள் என்பதால் வீடு வீடாகப் போய் எட்டிப் பார்த்து எண்ணுகிறேன். "எண்ணிப் பாக்க ஆள் வந்தாச்சு. தண்ணி கொண்டார ஆளில்ல" என்றார் மதுக்கடைக்காரர். எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, இந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லோரும் கூடும் விழா. அதற்குள் ‘லிபோவின்: வரலாறும் நிலமும்’ என்ற சிறு புத்தகத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். வரலாறு ஓடிவிடுகிறது, நிலத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மேற்கே பாறைக்குன்று, கிழக்கே குளம், நடுவே ஓடை. ஓடையில் ஒரு தவளைகூட இல்லை. ‘ஓடுகிறது’ என்று எழுதுவதா, ‘ஓடியது’ என்றா?

ஜூலை 9, திங்கள்

ஊர்த்தலைவர் ரதீம் வந்தான். முப்பத்திநாலு வயது, ஒரு வாரமாகச் சவரம் இல்லை. இருக்கிற பணத்தில் ஆழ்துளைக் கிணறு ஒன்றுதான் போட முடியும், எங்கே போடுவது என்று கேட்டான். "குறிப்பேடு என்ன சொல்லுதுக்கா?"

அப்பா எழுதிய 1952-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை எடுத்தேன். முப்பத்தொரு வருஷம் எழுதினார். அந்த மாதிரிக் கையெழுத்துக்கு நான் இன்னும் ஏங்குகிறேன். ‘மேல்புல்வெளியிலிருந்த கூபிஷ்டா ஊற்று இவ்வாண்டு தானாக வற்றியது. பயனின்மையால் இடம் சமன் செய்யப்பட்டது.’

"அப்போ மேல வேண்டாம். குளத்துக்குக் கீழ போட்டுரலாம்."

ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். அப்பா எழுதியது இன்றைக்கும் ஊருக்கு உதவுகிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலை 10

தீயணைப்புப் படையின் தண்ணீர் வண்டி. வீட்டுக்கு இரண்டு வாளி.

ஜூலை 19, வியாழன்

கீழே அறுபது மீட்டர் துளைத்தார்கள். வந்த தண்ணீர் முழுக்க வயல் உரம். குடிக்கக் கூடாதென்று சோதனையில் சொல்லிவிட்டார்கள்.

தண்ணீர் வண்டி வரிசையில் எனக்கு முன்னால் ஹெர்மீனா கூபிஷ்டா நின்றார். எழுபத்தாறு வயது. சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனவர். தொண்ணூறில், கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு, வீடு திரும்பக் கிடைத்து வந்தார். ஊர் விழா எதற்கும் வரமாட்டார். என்னிடம் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பேசினார்.

"மேல தோண்டாம கீழ தோண்டினா உரந்தான் வரும்."

"ஊற்று வத்திப்போச்சேக்கா. குறிப்பேட்டுல இருக்கு."

"யாரு எழுதினது?"

"எங்கப்பா."

"கல்லு வண்டி ஓட்டினதும் அவருதான். எங்கப்பா கூட்டுப்பண்ணையில சேர மாட்டேன்னாரு. எங்க மாடு குடிச்ச ஊத்துல பதினோரு வண்டி கல்லக் கொட்டினாங்க. எனக்குப் பத்து வயசு. ஜன்னல்ல நின்னு எண்ணினேன்."

வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. என் முறை வந்து நிரப்பிய வாளி கையிலிருந்து நழுவிச் சாய்ந்தது. இந்தப் பஞ்சத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தரைக்குக் கொடுத்தேன்.

ஜூலை 20

பொய் சொல்றா கெழவி. ஊரு மேல இருக்கிற ஆத்திரத்த எங்கப்பா தலையில கொட்டுறா. பத்து வயசுப் பொண்ணுக்கு என்ன தெரியும்?

பதினொன்று என்று எப்படி அவ்வளவு சரியாகச் சொல்கிறார்?

ஜூலை 22

அலமாரியைத் துடைத்தேன், திரைச்சீலைக்கு இஸ்திரி போட்டேன், அலமாரியை மறுபடி துடைத்தேன். "உக்காரேன், நாற்காலி கடிக்காது" என்கிறார் என் கணவர் லுபோர். புத்தகத்தில் ஒரு வரி நகரவில்லை.

ஜூலை 25, புதன்

கசகசா பன் சுட்டுக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் போனேன். ஹெர்மீனாக்கா இரண்டு தின்றார். மனம் இளகியதாகத் தெரியவில்லை.

"என்ன நம்ப வேணாம். ஊத்துத் தண்ணி விழுந்த கல்தொட்டி இருக்கு, அதப் போய்ப் பாரு."

"எங்கே இருக்கு?"

"உன் வீட்டு வாசல்ல. ஜெரேனியம் பூச்செடி வெச்சிருக்கியே, அதுதான். இருபத்தெட்டு வருஷமா அதத் தாண்டித்தான் மேல ஏறிப் போறேன்."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ கேக்கல. கேட்டு எழுதறதுதானே உன் வேலை?"

ஜூலை 26

செடிகளைப் பிடுங்கி வாளியில் வைத்தேன். லுபோரும் நானும் கடப்பாரை போட்டுத் தொட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். சுவர்ப் பக்கம் பார்த்த முகத்தில் 1871. அதன் கீழே கூபிஷ்டா என்ற குடும்பப்பெயர். என் சிறுவயதில் அப்பா இதில்தான் என் சேற்றுக் காலணிகளைக் கழுவித் தருவார்.

கல்லில் வெட்டிய எழுத்துகளைத் துணியால் துடைத்தேன். திருடிட்டு வந்து வாசல்ல வெச்சிருக்காரு. எழுத்து வெளிய தெரியாம திருப்பி வெச்சிருக்காரு. அப்புறம் உள்ள போயி, அந்த அழகான கையெழுத்துல, ‘தானாக வற்றியது’ன்னு எழுதியிருக்காரு. அந்த வரியை நம்பித்தான் ஊர் தப்பான இடத்தில் தோண்டியது. வாசித்துக் காட்டியவள் நான்.

ஆகஸ்ட் 2, வியாழன்

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், வெட்கமாக இருக்கிறது. இன்று ரதீமிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்கப்பாவப் பத்தி ஊரு பேசுமேக்கா."

"பேசட்டும். பேசறதுக்கும் வாய் நனையணுமில்ல?"

இன்னொரு ஆழ்துளைக்குப் பணமில்லை. ஊற்றென்றால் தோண்டும் இயந்திரமே போதும், இரவல் வாங்குகிறேன் என்றான்.

ஆகஸ்ட் 8, புதன்

மேல்புல்வெளியில் நிற்கும் பழைய சிலுவையிலிருந்து நாற்பது காலடி, பிர்ச் மரத்தைப் பார்த்து. ஹெர்மீனாக்கா ஊன்றுகோலோடு எண்ணி நின்ற இடத்தில் தோண்டினார்கள். மஞ்சள் களிமண். இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள், அதே களிமண். தீயணைப்புப் படைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன்: எனக்குள் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அப்பா தப்பித்துவிட்டார் என்று.

"இருங்க" என்றார் ஹெர்மீனாக்கா. "அப்போ என் காலு சின்னது."

மறுபடி சிலுவைக்குப் போய், ஒரு குழந்தையைப் போலச் சின்னச் சின்னதாக அடி வைத்து வந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் நின்ற இடத்தில், இரண்டு மீட்டரில் இயந்திரம் கல்லில் மோதியது. உடைத்த குவாரிக் கல், புல்வெளியில் கிடைக்காத கல். அள்ள அள்ள வந்தது. பிறகு ஈரச் சேறு. பிறகு சேறு தானாக அசைந்தது.

பையன்கள் கத்திக் கூப்பாடு போட்டார்கள். ஹெர்மீனாக்கா குழியைப் பார்த்து, "படுபாவிங்க" என்றார் மெதுவாக. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

குறிப்பேட்டில் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. பழைய தப்பைப் புதுப் பதிவில்தான் திருத்தலாம். வரைவு எழுதினேன்: ‘1952-ஆம் ஆண்டுப் பதிவு உண்மையல்ல. ஊற்று வற்றவில்லை. கூபிஷ்டா குடும்பத்தைப் பணியவைக்க அது கல்லால் மூடப்பட்டது. வண்டி ஓட்டியவரும் அப்பதிவை எழுதியவரும் ஓட்டகார் ஸெத்லாக்.’

ஊர் மன்றத்தில் ஒருவர், "பேரு எதுக்கு? ‘சிலர்’னு போட்டா போதுமே" என்றார். என் மீது இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ‘தானாக வற்றியது’ என்பதும் யார் மீதோ இரக்கப்பட்டு எழுதியதாக இருக்குமோ? பெயரை எடுக்கவில்லை. பதினான்கு நாள் ஊர் பார்வைக்கு வைத்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா மேல் கோபம். அவரை இன்னும் பிடித்திருக்கிறதே, அதற்காக என் மேலும் கோபம்.

ஆகஸ்ட் 24

வரைவை இதுவரை அறுபது பேர் படித்திருக்கிறார்கள். மதுக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. ஆனால் காப்பி, புது ஊற்றுத் தண்ணீரில்.

செப்டம்பர் 1, சனி

காலையில், விழாவுக்கு முன், பதிவைக் குறிப்பேட்டில் ஏற்றினேன். ஓர் எழுத்து கோணிவிட்டது, அப்படியே இருக்கட்டும். எழுதியவர் என்ற இடத்தில்: பிளஜேனா, ஓட்டகார் ஸெத்லாக்கின் மகள்.

புத்தகத்தில் ஓடை ‘ஓடுகிறது’ என்றே அச்சாகியிருக்கிறது. தொட்டியை டிராக்டரில் ஏற்றி ஊற்றடியில் வைத்தார்கள், பெயர் வெளியே தெரியும்படி. முதல் குவளை ஹெர்மீனாக்காவுக்கு. "இரும்பு வாடை அப்படியே இருக்கு" என்று மீதியை என்னிடம் நீட்டினார்.

திரும்பும்போது எங்கள் வாசலில் நின்றார். தொட்டி இருந்த இடத்தில் புல் இல்லாமல் வெள்ளையாக ஒரு சதுரம்.

"இங்க ஒரு பெஞ்சு போடு. மேட்டுக்கு ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குது."

பின்கட்டில் லுபோர் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார்.