கட்டிலுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு ரொட்டி

என் மச்சானுக்கு,

உங்கள் ரஹ்மத்தின் ஸலாம். நீங்கள் சவுதியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த காலத்தில் உங்களுக்குக் கடிதம் எழுதி எழுதியே பழகிய கை இது. செல்போன் வந்ததும் எழுதுவதை விட்டுவிட்டேன். இப்போது நீங்கள் இருக்கும் இடத்துக்கு எந்தப் போனும் போகாது. அதனால் மறுபடியும் பேனாவை எடுத்திருக்கிறேன். கையெழுத்து முன்னைவிட மோசம், சிரிக்காதீர்கள். திருப்பாலைக்குடியில் நாலு பேர் இதைப் படித்தாலும் படிக்கட்டும். புருஷனுக்குப் பெண்டாட்டி எழுதுவதில் என்ன வெட்கம்?

முதலில் நல்ல செய்தி. உங்கள் அடுப்பு அணையவில்லை. கொல்லையில் நீங்களே செங்கல் அடுக்கிக் கட்டினீர்களே, கோழிக்கூடா என்று நான் கேலி செய்த அந்த ரொட்டி அடுப்பு, இன்று காலையும் கருவேல விறகு தின்று கணகணவென்று இருந்தது. எள், கருஞ்சீரகம், பூசணி விதை, ஆளி விதை எல்லாம் போட்ட உங்கள் ரொட்டிதான். சுட்டது நான். நம்புங்கள்.

நீங்கள் இருந்தவரை என்னை மாவைத் தொட விட்டீர்களா? கோபக்காரி கைக்கு மாவு மசியாது என்று சொல்லி, விதை வறுக்கிற வேலையை மட்டும் எனக்குத் தள்ளிவிட்டீர்கள். நான் கோபக்காரிதான், யார் இல்லை என்றது? ஆனால் வறுத்துக்கொண்டே உங்கள் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்கள் ஊருக்கு வந்த புதிதில் இந்த ரொட்டியைக் கடைத்தெருவுக்கு விற்கக் கொண்டுபோனது நினைவிருக்கிறதா? பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்களாம். "யாருக்குக் காச்சல்?" நம் பக்கத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர்கள் பாலில் நனைத்துத் தின்கிற பண்டம். உடம்பு நன்றாக இருப்பவன் எதற்கு ரொட்டி வாங்க வேண்டும்? அதிலும் பழுப்பாக, மேலெல்லாம் விதை ஒட்டிக்கொண்டு, பல்லுக்கு வேலை வைக்கிற ரொட்டியை யார் சீந்துவார்கள்? நீங்கள் கூடையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தீர்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நமக்கென்று மட்டும் சுட்டீர்கள். மீன் ஆணத்தில் தோய்த்துத் தின்போம். எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு உங்களுக்கே உடம்புக்கு வந்தது. ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது பார்க்க வந்த சொந்தபந்தம் எல்லாம் என்ன கொண்டு வந்தது? ரொட்டி. வெள்ளைவெளேரென்று, பாக்கெட்டில். பார்க்கப் போகிறவன் ரொட்டிக்காரன் ஆயிற்றே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் போனதும் நீங்கள் ஒவ்வொரு பாக்கெட்டையும் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவீர்கள். உங்களுக்கோ கஞ்சித் தண்ணீரே இறங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ரொட்டி குவிந்துகொண்டே போனது.

எதிர்க்கட்டிலில் தொண்டிப் பக்கத்துக்காரர் ஒருவர். அவர் பெண்டாட்டி கட்டிலுக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும். படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் அது, கையில் காசில்லை. நான் கவனிக்கவில்லை, நீங்கள்தான் கவனித்தீர்கள்.

"ரஹ்மத்து, அந்தப் புள்ள காலையிலருந்து தண்ணியத்தான் குடிச்சுக்கிட்டுக் கெடக்கு. இதக் கொண்டுபோய்க் குடு."

கொண்டுபோய் நீட்டினேன். நோயாளிக்கு வந்ததை நான் எப்படித் தின்பது என்று அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டது. வந்து சொன்னேன். "ரொட்டிக்காரரு கேக்குறாரு, ருசி எப்புடின்னு சொல்லணுமாம்னு சொல்லு" என்றீர்கள். அப்படிக் கேட்டதும் வாங்கிக்கொண்டது. ஒரு பாக்கெட் முழுக்கத் தின்றுவிட்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சவசவன்னு இருக்குன்னு சொல்லுங்க" என்றது. அன்றைக்கெல்லாம் நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள்.

அன்று சாயங்காலம் என்னையும் கேட்டீர்கள், "நீ சாப்புட்டியா?" என்று. சாப்பிட்டேன் என்றேன். நீங்கள் அதை நம்பினீர்களா, மச்சான்? எதிர்க்கட்டிலைக் கவனித்த கண்ணுக்கு உங்கள் கட்டிலின் கீழே இருந்தவளைத் தெரியாமலா இருந்தது? உங்களுக்கு வந்த ரொட்டியில் கை வைக்க எனக்கும் மனம் வரவில்லை. கடையில் வாங்கலாம் என்றால், மருந்துக்கு வேண்டுமே என்று காசை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வேன்.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று தினமும் சாயங்காலம் கீழே போவேனே, அது டீக்கு இல்லை. வாசலில் ஆறுமுகம் அண்ணனின் ஆட்டோ வந்து நிற்கும். பின்னால் இரண்டு தேக்சாவில் சுடச்சுடச் சாம்பார் சாதம். அவரும் ஸ்டாண்டில் உள்ள மற்ற டிரைவர்களும் சேர்ந்து நோயாளிகளோடு தங்கியிருப்பவர்களுக்கென்று நடத்துகிற தர்மம் அது. முதல் நாள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். சவுதி ரொட்டிக்காரர் பெண்டாட்டி சோற்றுக்கு நிற்கிறாள் என்று ஊரில் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? அண்ணன் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. "யாரு கூட இருக்கீகம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி போட்டார். அந்தச் சோறு இல்லாவிட்டால் உங்களைக் குளிப்பாட்டவும் புரட்டவும் என் உடம்பில் தெம்பு இருந்திருக்காது.

நீங்கள் போய்விட்டீர்கள். இத்தாவின் நாலு மாசம் பத்து நாளும் வீட்டோடு இருந்து முடித்து வெளியே வந்ததும், உங்கள் பெயரில் ஏதாவது கொடுக்கலாம் என்று முதலில் அவரைத் தேடித்தான் போனேன். சங்கடத்தோடு வாங்கிக்கொண்டார். அரிசி கொடுத்துவந்த மண்டிக்காரர் கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டாராம். டிரைவர்கள் கைக்காசு போட்டுத் தாக்குப்பிடிக்கிறார்களாம். அடுத்த மாசத்திலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும்தான் சோறு என்றார். மற்ற நாளில் பசிக்காதா அண்ணே என்று கேட்டேன். அவர் ஆட்டோ டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரிடம் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். வாய் முந்திக்கொண்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்தேன். உங்கள் அடுப்புக்குள் நிஜமாகவே ஒரு கோழி முட்டையிட்டிருந்தது.

கோழியை விரட்டிவிட்டு மாவு பிசைந்தேன். தெருக்கோடி லூர்துதான் துணை. ஏலத்தில் மீன் கூறுகிறவளுக்குக் கை வலு அதிகம், வாய் அதைவிட அதிகம். முதல் ரொட்டியைத் தட்டிப் பார்த்தாள். "ஏக்கா, இதக் கவுத்துல கட்டி நங்கூரமாப் போட்டுறலாம்" என்றாள். வாயில் வைத்தால் கடல் உப்பு. உங்கள் அளவுதான், உங்கள் கைப்பிடிதான், ஏன் இப்படி? பிறகுதான் உறைத்தது. மாவு பிசைய நீங்கள் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதெல்லாம் சண்டை போடுவேனே, ஒரு குடம் வாங்க நான் படுகிற பாடு தெரியுமா என்று. நான் சிக்கனமாகக் கொல்லைப் போர்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். நம் ஊர் நிலத்தடித் தண்ணீரில் பாதி கடல்தானே? அது போதாதென்று மேலே ஒரு கை உப்பு வேறு. மறுநாள் நல்ல தண்ணீர் ஊற்றியதும் மாவு பொம்மென்று எழும்பியது. சண்டையில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், வைத்துக்கொள்ளுங்கள்.

ரொட்டி விற்றால் அரிசி வரும், அரிசி வந்தால் தேக்சா தினமும் ஏறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்தோம். ரொட்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் வருகிற இடம் அதுதானே? எங்கள் புத்தியைப் பாருங்கள். ஒருவர் வாங்கிக்கொண்டு போய் அரைமணியில் திரும்பி வந்தார். ரொட்டி முழுக்க எறும்பாம். கருஞ்சீரகத்தைக் கையில் கொட்டிக் காட்டியும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒரு அம்மா, முடியாமல் படுத்திருப்பவருக்கு விதையெல்லாம் செரிக்குமா என்று கேட்டுவிட்டு எதிரே உள்ள பேக்கரியில் வெள்ளை ரொட்டி வாங்கிக்கொண்டு போனது. அது கேட்டதும் நியாயம்தான். நாள் தவறாமல் போனோம், கூடை நிறையத் திருப்பிக் கொண்டுவந்தோம். மாசம் முடியப் போகிறது. இனி வெள்ளிக்கிழமை மட்டும்தான் சோறு என்பது நிச்சயமாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் உத்தரகோசமங்கைப் பக்கத்திலிருந்து ஒருவர், உள்ளே படுத்திருந்த தன் அண்ணனைப் பார்க்க வந்தார். கையில் வெள்ளை ரொட்டி இருந்தது. எங்கள் கூடையைப் பார்த்து, இதை எந்த நோயாளி தின்பான் என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று வந்தது, உங்களுக்குத் தெரியுமே.

"அண்ணனுக்கு வாங்கிட்டீக. சரி. அவரு கூட யாரு இருக்கா?"

"எங்க மயினி."

"மயினிக்கு என்ன வாங்கிட்டுப் போறீக?"

அவர் கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு ஒண்ணும் வாங்கலையே" என்றார். கெட்டவர் இல்லை, மச்சான். யாருக்குமே தோன்றாத விஷயம் அது. உங்கள் கட்டிலைச் சுற்றி நின்ற நம் சனங்களும் கெட்டவர்களா என்ன? அவர் ஒரு ரொட்டி வாங்கினார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொன்றும் வாங்கினார்.

லூர்து என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான், மீன் ஏலம் போடுகிற குரலை எடுத்துவிட்டாள். "கட்டில்ல படுத்திருக்கவுகளுக்கு இல்ல சாமி, கட்டிலுக்குக் கீழ இருக்கவுகளுக்கு" என்று அவள் சொல்லச் சொல்ல, பாக்கெட்டோடு உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். ஒவ்வொரு முகத்திலும் அதே யோசனை. அன்று கூடை காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது.

இப்போது அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நோயாளிக்கு வெள்ளை, கூட இருப்பவருக்கு விதை ரொட்டி. முதலில் முறைத்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் இப்போது வெள்ளை ரொட்டியைக் கொடுத்துவிட்டு, "கூட இருக்கவுகளுக்கு அந்தம்மாட்ட வாங்கிக்கங்க" என்று அவரே எங்கள் பக்கம் கையைக் காட்டுகிறார். விற்ற காசு அரிசியும் பருப்புமாக ஆறுமுகம் அண்ணனிடம் போகிறது. அடுத்த மாசம் வந்தது, வெள்ளிக்கிழமை வந்தது, சனிக்கிழமையும் ஆட்டோ வந்து நின்றது. அன்றைக்கு நான் ஒரு ஓரமாகப் போய் அழுதேன். சந்தோஷ அழுகைதான். லூர்து பார்த்துவிட்டு, கண்ணில் மிளகாயா என்று கேட்டு மானத்தை வாங்கினாள்.

பார்க்க வர ஆளில்லாத ஏழை பாழைகளின் கட்டிலுக்குக் கீழே இருப்பவர்களுக்கு யார் ரொட்டி கொண்டுபோவார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காமல் விடமாட்டீர்களே. அதற்குத்தான் தேக்சா இருக்கிறது. மிஞ்சுகிற ரொட்டியும் வரிசையில் நிற்பவர்களுக்குத்தான். கூச்சப்படுகிறவர்களிடம் உங்கள் தந்திரத்தையே செய்கிறேன். ரொட்டிக்காரர் ருசி கேட்கிறார் என்று சொன்னால் வாங்கிக்கொள்கிறார்கள். ரொட்டிக்காரர் எங்கே என்று கேட்டால், தூரத்தில் இருக்கிறார் என்கிறேன். நான் சொல்வது பொய்யா?

நேற்று அந்த உத்தரகோசமங்கை மயினி கீழே இறங்கி வந்தது. வீட்டுக்காரருக்குக் குணமாகி ஊருக்குக் கிளம்புகிறார்களாம். என் கையைப் பிடித்துக்கொண்டது. "எனக்குன்னு சொல்லி எங் கொழுந்தன் குடுத்தாக. ஆஸ்பத்திரிக்கி வந்ததுலருந்து என்னைய ஒருத்தரும் சாப்புட்டியான்னு கேக்கலக்கா. அன்னைக்கித்தான் கேட்டாக" என்றது. போகும்போது திரும்பி, உப்பு மட்டும் ஒரு கல் கூட என்று சொல்லிவிட்டுப் போனது. நாளைக்கு ஒரு கல் குறைத்துப் போடுவேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை, மச்சான். கை காய்ப்புக் காய்த்திருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது. இந்த அடுப்பில் சூடு இருக்கும்வரை, என் கையில் மாவு பிசையத் தெம்பு இருக்கும்வரை, அந்த வாசலுக்குள் போகிற ஒருவரையும் கட்டிலுக்குக் கீழே யார் என்று கேட்காமல் விடமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. மறுமையில் உங்கள் நன்மைக் கணக்கில் அல்லாஹ் இதைச் சேர்க்கட்டும்.

சாயங்காலம் கடைசியாக நானும் லூர்தும் அந்த வரிசையிலேயே நின்று தட்டை நீட்டுகிறோம். முக்காட்டை இழுத்துவிடுவதில்லை. அன்றைக்குக் கேட்ட கேள்வியை இப்போது கேளுங்கள், மச்சான். சாப்பிட்டேன். நிஜமாகவே சாப்பிட்டுவிட்டேன்.

கடைசிவரை உங்கள் கட்டிலுக்குக் கீழே இருந்த,
உங்கள் பெண்டாட்டி
ரஹ்மத்து