மூலத்தில் இல்லாத அன்பு

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் பால் ஆறிப்போயிருந்தது. அப்பா "ரைட்" என்றார். சூடாக்கிக் கொடுத்தேன், அதற்கும் "ரைட்". தலையணை சரிந்ததற்கு ஒன்று. ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒன்று. மின்விசிறியைப் பார்த்தபடி காரணமே இல்லாமல் ஒன்று.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கை போச்சு, வலது கால் போச்சு, பேச்சும் மொத்தமாகப் போச்சு. வலது பக்கம் விழுந்துபோன மனிதருக்கு மிஞ்சியது இந்த ஒரு சொல். யாராவது கதையில் எழுதியிருந்தால் செயற்கை என்று ஓரத்தில் கோடு போட்டிருப்பேன்.

வாழ்நாள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ. மற்ற சொற்களெல்லாம் இறங்கிப்போன பிறகும் இது மட்டும் படியில் தொங்கிக்கொண்டு வருகிறது.

"என்னவாம்?" அம்மா சமையலறையிலிருந்து.

"பால் நல்லா இருக்காம்."

 அதற்குப் பிறகு பாத்திரங்கள் மெதுவாக வைக்கப்பட்டன. அந்தச் சத்தத்துக்காகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

புதிய தொடர் வந்திருக்கிறது. போலீஸ்காரக் கணவன், வாயே திறக்காத மனைவி, மழை. வெளிநாட்டுத் தொடர்களுக்கு வீட்டில் உட்கார்ந்து தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன், இது ஏழாவது. இதில் அந்த ஆள் மூச்சுக்கு மூச்சு 'ரைட்' என்கிறான். வீட்டில் ஒருத்தர் போதாதென்று.

வரியின் கடைசியில் வந்தால் 'இல்லையா?'. முதலில் வந்தால் 'சரி, கேளுங்க'. கதவைப் பார்த்துச் சொன்னால் 'கிளம்பலாம்'. நம்பாமல் இழுத்துச் சொன்னால் 'ஆமா ஆமா, நீ சொன்னா சரிதான்'. நீதிமன்றத்தில் அதுவே உரிமை. தெருமுனையில் வலது. இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டிக்கொண்டு வந்தால் தமிழில் ஒற்றை ஏகாரம் போதும்: இங்கேயே, இப்போதே. 'மழையைப் போல ரைட்டாக இருக்கிறேன்' என்றால் உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தமாம். மழைக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தமோ. அடிபட்டவனைப் பார்த்து ரைட் சேர்த்துச் சொன்னால் 'நல்லா வேணும் உனக்கு'. அகராதியில் பக்கம் பக்கமாகப் போகிறது. பெண்கள் காத்துக்கிடக்கிற பொருத்தமான ஆணுக்குப் பெயர் மிஸ்டர் ரைட்.

அம்மாவுக்கு நிஜமாகவே வாய்த்தார், மிஸ்டர் ரைட். சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் கத்தரி கூப்பிட்டார். எங்கள் மேற்பார்வையாளர்; எந்த வரியைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டித் திருப்பி அனுப்புவார் என்பதால் அந்தப் பெயர். "ஏம்மா, அடுத்த மாசம் ஆபீஸுக்கே வந்துடேன். நிரந்தரமாப் போட்டுடறேன். எத்தனை நாள் வீட்டு மூலையில உக்காந்து தட்டிக்கிட்டிருப்பே?"

ஆபீஸ் வேறு நகரத்தில். ஒரு ராத்திரி முழுக்க ரயில். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 19, புதன்

இந்த வேலையை நான் எங்கே கற்றேன் என்று இன்று தோன்றியது. எந்தப் படிப்பிலும் இல்லை.

ஏழாம் வகுப்பில் இருந்தபோது மாமா, அம்மாவின் தம்பி, இறந்துபோனார். அதற்கு முன்பே ஏதோ மனஸ்தாபம். மாமா வீட்டுக்கு வருவதை நிறுத்தி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அன்று அப்பா முன்னறையில் ஷூவுக்குக் கயிறு கட்டியபடியே என்னிடம் சொன்னார்: "அரை டிக்கெட், உங்கம்மாகிட்ட சொல்லு, யாரும் எங்கேயும் போக வேணாம்னு." எனக்கு அவர் வைத்த பெயர் அரை டிக்கெட். சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்காமல், "சரின்னு சொல்லு" என்றாள். திரும்ப வந்து சொன்னேன்.

அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. எல்லாம் என் வழியாக. "தண்ணி கொண்டாரச் சொல்லு", "சட்டையில பட்டன் இல்லேன்னு சொல்லு". நான் பாதி வழியில் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். 'அப்பா தண்ணி கேக்கறாரும்மா, ரொம்பக் களைப்பா இருக்காரு.' அந்தக் களைப்பு என்னுடைய சரக்கு. பன்னிரண்டு வயதிலேயே.

இப்போது அவருக்கு ஒரு சொல்தான் என்றாகிவிட்டதும் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

பிப்ரவரி 20

தூக்கமில்லை. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

அம்மா இப்போது அப்பாவுக்குத் தலை சீவிவிடுகிறாள். முன்பெல்லாம் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். இன்று சீவி முடித்துவிட்டு, அப்பா ஏதோ சொன்னதும், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "என்னவாம்?"

"நீ சீவினாத்தான் நல்லா இருக்காம். நான் சீவினா இழுக்குதாம்."

அம்மா சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டே நின்றாள். முகத்தில் வந்த ஏதோ ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. இப்படி ஒரு முகம் அம்மாவிடம் இருந்ததா? இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாள்?

இது பொய்யா? அவர் உள்ளுக்குள் இதைத்தான் சொல்கிறார் என்றால்?

மார்ச் 3, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்திருந்தார். சாவி, கோப்பை, சீப்பு என்று படங்களைக் காட்டினார். பிறகு கேள்விகள்.

"சார், நீங்க டாக்டரா?"

"ரைட்."

"நீங்க கண்டக்டரா?"

"ரைட்."

என்னைக் காட்டி, "இது உங்க மகளா?"

"ரைட்."

மறுபடி என்னையே காட்டி, "இது உங்க பையனா?"

"ரைட்."

படங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனேன். "இதுக்கு மேல நான் வர்றதுல பிரயோஜனம் இல்லைங்க. உங்களுக்கும் வீண் நம்பிக்கை" என்றார்.

"அந்த ஒரு வார்த்தையிலேயே ஏத்த இறக்கம் இருக்குங்க. சில நேரம் கோவம், சில நேரம் கெஞ்சல்..."

"இருக்கும். ஆனா அது அவரு சொல்றதா, நாம கேக்கறதான்னு பிரிக்க முடியாது. எத்தனையோ வீட்டுல பாத்துட்டேன்."

செருப்பை மாட்டியபடி என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"என்ன சொல்லிட்டுப் போறாங்க?" என்றாள் அம்மா.

"பரவாயில்லையாம்."

மார்ச் 10, திங்கள்

கத்தரி கோபமாக. பதினோராம் பகுதியில் அந்தப் போலீஸ்காரன் வீட்டுக்கு வந்து மனைவியைப் பார்த்து 'ரைட்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறான். நான் எழுதியிருந்தது: 'சரிம்மா, நீயும் படு. பாவம், களைச்சுப் போயிருப்பே.'

"ஏம்மா, அவன் ஒத்த வார்த்தை சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறான். 'பாவம்' எங்கேர்ந்து வந்துச்சு?"

"அவன் முகத்தைப் பாத்தா அப்படித்தான் சார் இருந்துச்சு."

"முகம் பாக்கறவங்களுக்கும் தெரியும். நீ வார்த்தையை மட்டும் எழுது. மூலத்துல அவன் அவ்வளவு நல்லவன் இல்லம்மா. நீ எதுக்கு அவனுக்கு வக்காலத்து வாங்கறே?"

மன்னிப்புக் கேட்டேன். 'சரி' என்று மாற்றினேன். வெறும் 'சரி'. வரி சின்னதாகி, திரையின் நடுவில் அநாதையாக நின்றது. அதுதான் உண்மை என்று தெரிந்தது.

இனி அம்மாவிடமும் சேர்த்துச் சொல்வதில்லை. முடிவு.

மார்ச் 16, ஞாயிறு

 ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலடியில், மடியில் கணினி. மூன்றாவது விரலில் அம்மா நிறுத்தினாள்.

"அவருகிட்ட ஒண்ணு கேளு."

"என்னம்மா?"

"தம்பி சாவுக்கு என்னை அனுப்பலையே. அது தப்புன்னு எப்பவாவது தோணுச்சான்னு கேளு."

சாதாரணக் குரல். பட்டன் இல்லை என்பது போல. பதினைந்து வருடம் இந்த வீட்டில் மாமாவைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. நான் எழுந்து போய் அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். அவர் கண்கள் என்மேல் இருந்தன, பிறகு என்னைத் தாண்டி மேலே போயின.

"ரைட்."

அந்தத் தொனி எனக்குத் தெரியும். காலையில் காரணமில்லாமல் மின்விசிறியிடம் சொல்வாரே, அதேதான். ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். "என்னவாம்?"

என்ன சொல்லியிருக்க முடியும்? பாலுக்கும் சீப்புக்கும் சொன்னது வேறு. இது மாமா. அம்மாவின் வாழ்க்கையே இதுதான். இதில் போய் என் சரக்கைக் கலக்க எனக்கு உரிமை உண்டா? கலக்கக் கூடாது என்று முடிவெடுத்து ஆறே நாள். பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னது, கத்தரி சொன்னது, எல்லாம் நினைவுக்கு வந்தன.

"தெரியலம்மா," என்றேன். "அவரு ஒண்ணும் சொல்லலை."

அம்மா நகவெட்டியை மறுபடி எடுத்தாள்.

"சரி."

மிச்சமிருந்த இரண்டு விரலையும் வெட்டினாள். துணுக்குகளைக் காகிதத்தில் சேர்த்து மடித்தாள். எழுந்து போனாள்.

மார்ச் 17, திங்கள்

அம்மா தானாகவே பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"உனக்குத் தெரியாது. ஒரு தடவை நானும் உன் மாமாவும் அவரு பஸ்லேயே ஏறிட்டோம். உன் மாமா விளையாட்டுக்காரன். 'மச்சான் பஸ்ல மச்சினனுக்கு டிக்கெட்டா?'ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னான். நாலு பேரு சிரிச்சுட்டாங்க. அவ்வளவுதான். விசிலடிச்சு நிறுத்திட்டாரு. 'டிக்கெட் எடு, இல்லேன்னா இறங்கு.' இவனும் வீம்புக்கு இறங்கிட்டான். நடுவழி, ஒரு கடை கண்ணி கிடையாது. நான் என் டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உன் அப்பா கம்பியைத் தட்டி 'ரைட்'னாரு. வண்டி கிளம்பிடுச்சு. அதுக்கப்புறம் அவனை நான் பாக்கவே இல்லை."

நான் கையிலிருந்த துண்டை மூன்றாவது தடவையாக மடித்தேன்.

"அந்த வார்த்தைக்கு எனக்கு அந்த ஒரே அர்த்தம்தான் தெரியும்" என்றாள். "அவரு சொல்றப்பெல்லாம் அவன் ரோட்டோரம் நிக்கறான்."

"அப்ப நான் இத்தனை நாளா சொன்னதெல்லாம்—"

"அவரு சொல்லலேன்னு எனக்குத் தெரியாதா? அவரு வாயில அவ்வளவு நல்ல வார்த்தை என்னிக்கு வந்திருக்கு?"

"பின்ன ஏன்மா தினம் தினம் கேட்டே?"

"கேக்க நல்லா இருந்துச்சு."

அடுத்த துணியை எடுத்து உதறினாள். அதற்குப் பிறகு, என்னைப் பார்க்காமல்:

"அதையும் நீயே சொல்லிடுவேன்னு நினைச்சேன்."

மார்ச் 18

அதையும் நீயே சொல்லிடுவேன்னு நினைச்சேன். அதையும் நீயே. ஒரு வரிதானே. 'தப்புதான்னு சொல்றாரும்மா.' ஆறு மாதமாக பாலுக்கெல்லாம் கதை கட்டினவளுக்கு அன்னிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த யோக்கியம்? ஐயோ, என்ன பொண்ணுடி நீ.

மார்ச் 22, சனி

அம்மா கிளம்பினாள். மாமா வீட்டுக்கு. மாமி மட்டும் இருக்கிறார், பிள்ளைகள் தூரத்தில். "ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்" என்றாள். கையில் ஒரு துணிப்பை. அப்பாவிடம் அனுமதி கேட்கச் சொல்லவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. அறை வாசலில் மட்டும் ஒரு கணம் நின்றாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

அவரைத் தனியே விட முடியாது. அதனால் பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை.

அம்மா எத்தனை வருடம் 'சரி' சொன்னாள்? அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று ஒரு நாளாவது யாராவது கேட்டோமா? அப்பாவின் ஒரு சொல்லுக்கு நான் வரிவரியாக உரை எழுதிக்கொண்டிருந்தேன். அவளும் ஒரே சொல்லோடுதான் இருந்தாள், பக்கத்து அறையில்.

மார்ச் 25, செவ்வாய்

அம்மா போனில். குரல் உரக்க இருந்தது. மாமியும் அவளும் பழைய பெட்டியைப் பிரித்து மாமாவின் சட்டைகளையெல்லாம் வெயிலில் போட்டார்களாம். "போற வழியில கண்டக்டரா ஒரு பொண்ணு இருந்துச்சு. உன் வயசுதான் இருக்கும். அந்த இடம் வந்ததும் எட்டிப் பாத்தேன். இப்ப அங்க ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு."

"எப்பம்மா வரே?"

"இன்னும் ரெண்டு நாள் ஆகட்டும்."

பின்னாலிருந்து அப்பா தன் ஒற்றைச் சொல்லைச் சொன்னார். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. 'என்னவாம்?' என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். இந்த முறை பதில் தயாராக இருந்தது. சமையலறையில் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"அம்மா, அப்பா என்ன சொல்றாருன்னா—"

"வேணாம்மா" என்றாள். கோபமே இல்லை. "விடு."

மார்ச் 30

அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு ஆள் போதவில்லை. இடுப்பு விட்டுப்போகிறது. அம்மா எப்படிச் செய்தாள்?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆபீஸுக்கு வர முடியாது என்று கத்தரியிடம் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தையைக்கூட வெட்டாமல் முழுதாகக் கேட்டுக்கொண்டார். "சரிம்மா, அடுத்த தொடரை வீட்டுக்கே அனுப்பறேன்" என்றார்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். மூக்குக்கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டாளாம். பார்சலில் போடச் சொன்னாள். "அப்படியே மாத்திக் கட்ட ரெண்டு துணியும் வை."

"ரெண்டு போதுமாம்மா?"

யோசித்தாள். பின்னால் மாமி எதற்கோ சிரிக்கிற சத்தம்.

"எல்லாத்தையும் அனுப்பிடு."

அவள் அலமாரி ஒரே ஒரு அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டது. சீப்பை எடுத்து உள்ளே வைத்தேன். பிறகு வெளியே எடுத்தேன், இங்கே தலை சீவ வேண்டுமே. கண்ணாடியைத் துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் செருகி, பெட்டியை மூடி, கயிறு சுற்றினேன்.

கட்டிலிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். முடிச்சுப் போடும்போது சொன்னார்.

சமையலறையிலிருந்து யாரும் கேட்கவில்லை.

கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கினேன். பால் சூடாக்க எழுந்தேன்.