காபி டப்பாவை மூக்கருகே தூக்கியவருக்கு

அன்புள்ள என்னங்க,

எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த கான்வென்ட் மதர், பெயர் போட்டுத் தொடங்காத கடிதத்தைக் கையால்கூடத் தொடமாட்டார். நானோ உங்களை ஒருநாளும் பெயர் சொல்லி அழைக்காதவள். இந்த வயதில் புதிதாகத் தொடங்கினால் நீங்கள் சிரிப்பீர்கள். "என்னங்க" என்றால் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள் அல்லவா? அது போதும்.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் கண்மூடிய பிறகும் காபிக்கொட்டை மன்னார்குடியிலிருந்து பச்சையாகத்தான் வருகிறது. அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுக்கிறேன். முறத்தில் பரப்பி, சூடு முழுக்க ஆறிய பிறகுதான் பித்தளை டப்பாவில் போடுகிறேன். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு அரைக்கிறேன். ஈரக் கரண்டி கிட்டே வரக்கூடாது.

விடுமுறைக்கு வந்த மருமகள் டப்பாவைத் தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். "ஃப்ரெஷ்ஷா இருக்கும்ல அத்தை?" என்றாள். "வெளிய எடுத்ததும் அதுக்கு வேர்க்கும்மா. வேர்த்த கொட்டை செத்த கொட்டை" என்றேன். உங்கள் வாக்கியம்தான். உங்களிடமிருந்து எடுத்ததென்று அவளிடம் சொல்லவில்லை.

இவ்வளவு கண்டிப்பாக நடத்தும் வீட்டில், போன வாரம் ஒருவர் என் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

வந்தது தமிழரசி. உங்களுக்கு நினைவிருக்கும், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கோவிந்தனின் மகள். அவள் அப்பா நம் வீட்டுக் கொல்லை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவள் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, நம் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, மகன் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினாள். அவள் இலக்கணம் எனக்குப் பிடிக்கும். ஒற்று மிகும் இடத்தில் மிகும் அவளுக்கு.

"அம்மா, ஒன்னு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"காபியில பெருங்காயம் மணக்குது."

"என் காபியிலயா?"

"ரசத்துல பால் ஊத்திக் குடுத்த மாதிரி இருக்கும்மா."

எழுந்து அடுப்படிக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் வேலைக்காரப் பெண் பாத்திரம் தேய்த்துவிட்டு, பெருங்காய டப்பாவின் மூடியைக் காபி டப்பாவுக்குப் போட்டிருக்கிறாள். மூடியை எடுத்து மூக்கருகே வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. பெருங்காயக் கட்டியையே எடுத்து முகர்ந்தேன். கூழாங்கல்லை முகர்ந்தது போல இருந்தது. மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு சாப்பாடு ருசிக்கவில்லை என்று சமையல்காரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னாலேயே வந்து நின்ற தமிழரசியிடம் காய்ச்சலையும் மூக்கையும் சொன்னேன். "காய்ச்சலுக்கு அப்புறமாம்மா? எங்க ஸ்கூல் டிராயிங் மாஸ்டருக்கும் இப்படித்தான் ஆச்சு. மூக்கு இருக்கும், வேலை செய்யாது. தாலுகா ஆபீஸ் மாதிரி."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ நின்றது. "காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கு வேலை செய்யல." இதை நம் வீட்டுக் கூடத்தில், உங்கள் குரலில் நான் கேட்டிருக்கிறேன்.

அறுவடைக் கூலித் தகராறு முற்றிய அந்தத் தை மாதம். உச்சவரம்புச் சட்டத்தில் போன நிலம் போக மிச்சமிருந்ததில் சம்பா சாய்ந்து கிடந்தது. ஊர் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவரலாம் என்று மற்ற மிராசுதார்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு பட்டப்பகலில் நம் களத்து வைக்கோல்போர் பற்றி எரிந்தது. முதலில் ஓடிப்போனவர் நீங்கள். சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். நடுவில் போலீஸ் அதிகாரி. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மண்ணெண்ணெய் வாடை அடிச்சுதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும். கோவிந்தனை உள்ள வெக்கிறது எங்க வேலை."

"ஐப்பசிக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு மூக்கு வேலை செய்யலீங்க. வாடை அடிச்சுதுன்னோ அடிக்கலைன்னோ நான் எழுதிக் குடுக்க முடியாது" என்றீர்கள்.

கூடமே சிரித்தது. உங்கள் சித்தப்பாதான் உரக்கச் சொன்னார். "ஏன்டா, தினம் விடிஞ்சதும் காபி டப்பாவை மோந்து மோந்து பாக்குற மூக்கு, கோவிந்தன்னா மட்டும் அடைச்சுக்குதா?"

நீங்கள் தலைகுனிந்து நின்றீர்கள். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. கோவிந்தன் மேல் வழக்கு வரவில்லை. பங்காளிகள் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கோழை என்றார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் நமக்குக் கடைசிப் பந்தி கிடைத்தது. நீங்கள் அந்தப் பந்தியிலும் இலையைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிட்டீர்கள்.

கதவுக்குப் பின்னால் நின்ற நான் அன்றைக்கு உங்களை நினைத்துப் பெருமைப்பட்டேன். பொய்யே சொல்லாத மனிதர், ஒருவன் ஜெயிலுக்குப் போகக்கூடாதென்று ஒரு பொய் சொன்னார் என்றுதான் நம்பினேன். பொய் என்றால் முட்டி போட வைக்கும் கான்வென்ட்டில் படித்தவள், உங்கள் ஒருவருக்காக ஒரு விதிவிலக்கு எழுதிக்கொண்டேன். ஏன் நம்பமாட்டேன்? அன்று காலையில்கூட என் கண்முன்னால் டப்பாவை மூக்கருகே தூக்கித் தலையாட்டினீர்களே.

"அய்யாவும் அன்னைக்கு இதையேதான் சொன்னார்" என்றேன். அடுப்படியிலேயே நின்றுகொண்டு தமிழரசி சொன்னாள்: "அப்பா சாகுற வரைக்கும் ஒரு கொறையோடதான்மா இருந்தாரு. 'அய்யா எனக்காகப் பொய் சொன்னாரு. அப்ப நான்தான் வைக்கப்போருக்குத் தீ வெச்சேன்னு முடிவே பண்ணிட்டாரு. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிட்டு நிக்கிறேன்'ம்பாரு. நேர்ல வந்து கேக்கலாம்ல, அதுக்கும் ரோஷம்."

"காபியை மாத்திப் போட்டுத் தரேன்" என்றேன். "இன்னொரு நாளைக்கு வரேம்மா" என்று போய்விட்டாள்.

அதன் பிறகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக வந்தது.

அந்த ஐப்பசிக்கு முன்னால் நாம் காபிப்பொடியைக் கடையில் பொட்டலமாகத்தானே வாங்கினோம்? காய்ச்சல் தெளிந்து எழுந்ததும் கைப்பிடி வைத்த வறுக்கும் உருளையைத் தோளில் சுமந்து வந்தீர்கள். கரி அடுப்பில் அதைச் சுற்றும்போது குனிந்து காதைக் கொடுப்பீர்கள். "படபடன்னு ஒரு தடவ வெடிக்கும். அது அடங்கி, மெல்லிசா ரெண்டாவது சத்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ள எறக்கிடணும்" என்பீர்கள். ஃபில்டரில் வெந்நீர் விட்டதும் பொடி நுரைத்துப் பொங்குகிறதா என்று கண் இமைக்காமல் பார்ப்பீர்கள். பொங்காத பொடி பழைய பொடி, கொல்லையில் கொட்டு. காபிப் பைத்தியம் என்று உங்களைக் கேலி செய்தேன். மூக்கு செய்ய வேண்டிய வேலையைக் காதுக்கும் கண்ணுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று யாருக்குத் தோன்றும்?

அரைத்ததும் டப்பாவை முதலில் என்னிடம்தான் நீட்டுவீர்கள். "நீ சொல்லு. எப்படி இருக்கு?" என் தீர்ப்புக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. நான் "நல்லா இருக்கு" என்ற பிறகுதான் நீங்கள் முகர்ந்து தலையாட்டுவீர்கள். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதே பால் தீய்ந்து புகைந்தது, நீங்கள் பக்கம் புரட்டினீர்கள். மல்லிகை வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றால் முன்பெல்லாம் திரும்பாமலே சொல்வீர்கள். பிறகு திரும்பிப் பார்த்துத்தான் சொன்னீர்கள். அதற்கு நான் ஒரு நாள் முகம் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஆக, கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னது முழு உண்மை. பொய் நடந்தது அடுப்படியில். அதுவும் வாயைத் திறக்காமல், எனக்கு.

ஏன் என்னிடம் மறைத்தீர்கள்? காபி கொடுத்துவிட்டுத் தினமும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேனே, அதற்காகவா? அன்றைக்குச் சித்தப்பா கேலி செய்தபோது, "என் வீட்டுக்காரியைக் கேளுங்க" என்று நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்க முடியாது. கூப்பிட்டிருந்தால், "தினமும் முகர்ந்து பார்ப்பாரே" என்று நான் சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் தலைகுனிந்து நின்றீர்களா?

தனக்கு வாசனையே தெரியாத ஒரு மனிதர், மற்றவர்களுக்கு வாசனை போகக்கூடாதென்று அத்தனை வருஷம் கொட்டையைக் காத்திருக்கிறார். தெருவே நம் வீட்டுக் காபியைப் புகழ்ந்தது. புகழை நான் வாங்கிக்கொண்டேன், நீங்கள் முறத்தைத் தட்டிச் சுவரில் மாட்டினீர்கள். நான் பார்த்த மனிதர்களில் உங்களுக்கு நிகராக ஒருவரை வைக்க இப்போதும் தெரியவில்லை.

நேற்று வறுத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். முதல் வெடிப்பு கேட்டது. அந்த மெல்லிசான இரண்டாவது சத்தம் தொடங்குவதற்குள் இறக்கிவிட்டேன். நிறம் சரியாக வந்திருக்கிறது. பொடி பொங்கியது. மூடியைச் சோடா உப்புப் போட்டு வெயிலில் காய வைத்தாயிற்று.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கல்யாணக் கூட்டத்தில் இதைப் பேச முடியாது. அதனால் நாளைக் காலையே தமிழரசி வீட்டுக்குப் போகிறேன். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். உங்களைப் போல முகர்ந்து தலையாட்டமாட்டேன். அவளிடம் நீட்டி, "நீ பாத்துச் சொல்லும்மா, எனக்கு மூக்கு வேலை செய்யல. அய்யாவுக்கும் செய்யல. அன்னைக்கு அவர் பொய் சொல்லல, உங்கப்பாவை மன்னிக்கவும் இல்ல. மன்னிக்க ஒன்னும் இருந்ததா அவர் நினைக்கல" என்பேன். பிறகு அவள் அடுப்படியில் நானே காபி போடுவேன். கோவிந்தன் படத்துக்கு முன்னால் முதல் டம்ளர்.

காலையில் டப்பாவைத் திறந்ததும் இன்னும் உங்கள் முகத்தைத் தேடுகிற,
உங்கள் மனைவி
சாரதா