வீட்டில் யார் யார்

மல்வேர்ன், ஸ்காபரோ
2025 கார்த்திகை 18

அன்புள்ள அட்சயாவின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். நீங்களும் சுகமாயிருப்பீர்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். போனில் எழுதினால் நீங்கள் பார்த்துவிட்டதாக நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. காகிதத்தில் குறி ஒன்றும் விழாது. நானும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பிறந்தநாளுக்கு நீங்கள் பிள்ளைக்கு அனுப்பிய பார்சலில் இருந்த எட்மன்ரன் விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன்.

அட்சயாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. சனி ஞாயிறுகளில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். உங்களைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. எனக்கு அதே பல் வைத்தியரின் கிளினிக், அதே கணக்கு மேசை. இந்த முறை பனி வேளைக்கே கொட்டிவிட்டது. வாசலில் நான்தான் தள்ளுகிறேன். பக்கத்து வீட்டு அகஸ்ரின் அண்ணை தன் பக்கத்தைத் தள்ளும்போது எங்கள் பக்கத்திலும் பாதியைத் தள்ளிவிடுவார். "மிச்சத்தையும் தள்ளினால் என்ரை மனுசி என்னைத் தள்ளிப்போடுவா பிள்ளை" என்பார்.

நான் எழுத வந்தது மாமியைப் பற்றி, உங்கள் அம்மாவைப் பற்றி.

எங்கள் வீட்டு ஹீற்றர் எல்லாம் கரண்டில் ஓடுவது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வேலையில்லாமல் இருந்த அந்த வருடம், வருமானம் குறைந்த வீடுகளுக்குக் கரண்ட் கட்டணத்தில் மாதாமாதம் கழித்துத் தரும் உதவிக்கு மாமியின் பெயரில் எழுதிப்போட்டோம். கிடைத்தது. அதற்குப் பிறகு மாமியின் அறை ஹீற்றரை ஒரு குளிர்காலத்திலும் நாங்கள் நிறுத்தியதில்லை. பென்சன் காசை நம்பியிருக்கிற, மூச்சிழுக்கும் தொய்வுக்காரியான ஒருவருக்கு அது பெரிய விஷயம்.

புரட்டாதியில் அதைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வருமானம் என்ன என்று கேட்டிருந்தார்கள். மாமி பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். அவருடைய பெயரை எழுதினேன், என்னுடையதை எழுதினேன், அட்சயாவினுடையதை எழுதினேன். பேனையை மூடப் போக, "தம்பியின்ர பேர் எங்கை?" என்றார். உங்கள் மகன் எட்மன்ரனில்தானே மாமி என்றேன். "வேலைக்குத்தானே போயிருக்கிறான். வேலைக்குப் போனவன் வீட்டிலை இல்லாதவனோ?" என்றார். நான் உங்கள் பெயரையும் எழுதினேன். வாதாடவில்லை. வாதாடினால் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஐப்பசியில் மறுத்து எழுதிவிட்டார்கள். உங்கள் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் இது வசதியான வீடு. வரம்புக்கு மேலே போய்விட்டோம். மாமிக்குக் குளிருகிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. எல்லாருக்கும் கொடுக்க இயலாதென்றால் எங்காவது ஒரு கோட்டைக் கீறத்தானே வேண்டும். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களை வசதியானவர்கள் என்று எழுதிக் கொடுத்தது நான். அந்தச் சம்பளத்தில் இந்த வீட்டுக்கு வருவது என்ன என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

அதன்பிறகு வந்த முதல் பில்லை மாமி வாங்கிப் பார்த்தார். அன்றைக்கே தன் அறை ஹீற்றரை நிறுத்திவிட்டார். நான் போட்டால் அவர் நிறுத்துவார். வீட்டுக்குள் கோட்டோடு திரிகிறார். பிறகு, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது தானும் வெளிக்கிட்டு என்னோடு பஸ்ஸில் ஏறத் தொடங்கினார். நூலகத்தடியில் இறங்கிக்கொள்வார். பின்னேரம் நான் திரும்பி வரும்போது ஏறுவார். "எனக்கும் இப்ப வேலை கிடைச்சிட்டுது பிள்ளை. நல்ல சூடான ஒவ்வீஸ். மனேச்சர் மாதிரி யன்னல் பக்கக் கதிரை" என்று பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கச் சொன்னார். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும் தட்டுக்குப் பக்கத்தில், கோட்டோடு, வாய் திறந்தபடி நித்திரையாக இருந்தார். நூலகத்துப் பெண் ஒருத்தி வந்து தோளில் மெல்லத் தட்டி, சுகமாயிருக்கிறீர்களா என்று கேட்டாள். மாமி திடுக்கிட்டு எழும்பி, மடியில் கிடந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பெண் போகும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போகவில்லை. தட்டுக்குப் பின்னால் நின்றுவிட்டு கிளினிக்குக்குத் திரும்பிவிட்டேன். அன்று என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

அகஸ்ரின் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். பனி தள்ளும் சவலை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார். தன் அக்காவுக்கும் லண்டனில் போன குளிருக்கு இப்படித்தான் வெட்டினார்களாம், பிறகு சனத்தின் சத்தம் கூடினதும் திருப்பிக் கொடுத்தார்களாம். "அதாவது அவங்கள் வெட்டினது. உங்களுக்கு நீங்களே எல்லே வெட்டியிருக்கிறியள்! சில சனம் ஒரு வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு பேப்பரிலை பிரிஞ்சு நிண்டு காசெடுக்குது. நீங்கள் என்னடாவெண்டால் மூண்டு வரியமாய் இல்லாத ஆளை இருக்கிறார் எண்டு பொய் சொல்லிக் காசை விடுறியள்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. எங்கள் பக்கம் முழுவதையும் தள்ளிவிட்டுப் போனார்.

மாமியிடம் கேட்டுப் பார்த்தேன், பெயரை எடுத்துவிட்டு இன்னொரு முறை எழுதிப்போடுவோமா என்று. உங்கள் ஊரில் பங்கீட்டு அரிசி தரும் குடும்ப அட்டைக் கதையைச் சொன்னார். நீங்கள் கனடாவுக்கு வந்த பிறகும் உங்கள் பெயரை அட்டையிலிருந்து வெட்ட அவர் விடவில்லையாம். அட்டை பார்க்கும் விதானையார் வீடு தேடி வந்தும் விடவில்லையாம். "அண்டைக்குப் பேர் இருந்தால் சங்கக்கடையிலை அரிசி கூட. இஞ்சை பேர் இருந்தால் உள்ளதும் போகுது. இது ஒரு நாடு!" என்றார். பிறகு, "வெட்டுறது லேசு. பேந்து ஏத்துறதுதான் கஸ்ரம்" என்றார்.

அவருக்கு இருமல் தொடங்கியிருக்கிறது. அறையைச் சூடாக வைத்திருக்கும்படி டொக்ரர் சொன்னார். சமூக நிலையத்தில் கிறிஸ்ரினா என்று ஒரு பிள்ளை இந்த அலுவல்களைச் செய்து தருகிறாள். மார்கழி ஒன்பதாம் திகதி நேரம் தந்திருக்கிறாள். மாமியும் வர வேண்டும், விண்ணப்பம் அவருடைய பெயரில். வீட்டில் யார் யார் என்று கிறிஸ்ரினா கேட்பாள். அவருக்கு முன்னால், நீங்கள் இல்லை என்று நான் சொல்ல வேண்டும்.

அதற்கு முதல் நீங்கள் மாமிக்கு ஒரு போன் எடுங்கள். நீங்கள் இங்கே இல்லை என்பதை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று நான் சொல்லித் தர மாட்டேன். என் வாயால் வந்தால், மருமகள் மகனின் பெயரை வெட்டினாள் என்றுதான் அவருக்கு இருக்கும். சித்திரை மாதம் நான் எடுத்தபோது உங்கள் போனை எடுத்துக் கதைத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. மாமிக்கு அது தெரியாது.

ஒரு போன். வேறொன்றும் வேண்டாம். இருமல் நெஞ்சில் இறங்குவதற்கு முதல் எடுங்கள்.

நிலாணி

•

மல்வேர்ன்
2025 மார்கழி 10

அட்சயாவின் அப்பாவுக்கு,

நீங்கள் போன் எடுக்கவில்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று முதலில் யோசித்தேன். பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டேன். நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கிறிஸ்ரினா இங்கே பிறந்த பிள்ளை. மாமிக்குக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, "அம்மம்மா, வீட்டிலை யார் யார் இருக்கிறீங்க? ஜஸ்ற் நேம்ஸ் சொன்னா ஓகே" என்றாள். பஸ்ஸில் வரும்போது நான் என் பதிலைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன். "அவர் இப்போது வெளி மாகாணத்தில்" என்று தொடங்குவதாக இருந்தேன். வாயைத் திறக்க முதல் மாமி சொன்னார். தன் பெயர், என் பெயர், பிள்ளையின் பெயர். அதோடு நிறுத்திவிட்டுக் கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டார்.

கிறிஸ்ரினா கொம்பியூட்டரைப் பார்த்தாள். "லாஸ்ற் ரைம் சன் ஸ்ரீதரன் எண்டு ஒரு நேம் இருக்கே. அவர் மூவ் பண்ணிட்டாரா?"

"ஓம் பிள்ளை. அவனுக்கு அங்கை வேறை குடும்பம். பேரை வெட்டு" என்றார் மாமி.

கிறிஸ்ரினா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். நாங்கள் பிரிந்து இருப்பதை வருமான வரிக்காரருக்கும் நான் அறிவிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். அதற்கான தாளையும் எடுத்துத் தந்தாள். அங்கேயே கையெழுத்து வைத்தேன். வழக்கமான கையெழுத்துத்தான் வந்தது.

பஸ் தரிப்பில் காற்று முகத்தில் அடித்தது. எப்படித் தெரியும் மாமி என்று கேட்டேன். அந்த மறுப்பு வந்த கிழமை உங்களுக்குப் போன் எடுத்தாராம். உங்களைக் கொஞ்சம் காசு அனுப்பச் சொல்வதற்கு. "ஒரு பொம்பிளைப் பிள்ளைதான் எடுத்தது. நான் அம்மா கதைக்கிறன் எண்டன். அந்தப் பிள்ளை என்னை மாமி எண்டு கூப்பிட்டிது. நல்ல மரியாதையாத்தான் கதைச்சிது. அவன் பேந்தும் எடுக்கேல்லை" என்றார்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் எனக்குக் குடும்ப அட்டைக் கதை சொன்னாரா என்று கேட்டேன். எனக்கு அதைக் கேட்கும்போதும் கோபம் வரவில்லை. வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவன் தானாய்ச் சொல்லுவான் எண்டு பாத்தன்" என்றார் மாமி. பஸ் வருகிறதா என்று றோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "நீ கேட்டுப் பேரை எடுத்தால் நீ வெட்டினதாய்ப் போகும். சனம் உன்னைத்தான் தின்னும். தாய் வெட்டினால் ஆர் கதைக்கிறது? ஆரும் கேட்டால் மாமிதான் வெட்டினவ எண்டு சொல்லு" என்றார். பிறகு பஸ் வந்தது. முன்சீற்றில் இருந்த ஒரு பொடியன் எழும்பி இடம் கொடுத்தான். மாமி அவனை வாழ்த்திவிட்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய அறை ஹீற்றரைப் போட்டேன். இவ்வளவு நாளும் நிறுத்தியிருந்ததில் தூசி எரிந்து மணந்தது. மாமி வந்து வாசலில் நின்று பார்த்தார், நிறுத்தச் சொல்லவில்லை. முடிவு வர சில கிழமைகள் ஆகுமாம். அதுவரை வரும் பில்லை நான் எப்படியாவது கட்டுவேன். இனி எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். அரிசியைக் கழுவிப் போட்டேன். மூவரும் சாப்பிட்டோம். இன்று காலை மாமி என்னோடு வெளிக்கிடவில்லை. கட்டிலில் கிடந்தபடியே, தன் ஒவ்வீசுக்கு லீவு சொல்லிவிடச் சொன்னார்.

உங்கள் பெயருக்கு இங்கே வரும் கடிதங்களை இனி அந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்புகிறேன். அட்சயாவிடம் நீங்களே சொல்லுங்கள். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். என்றாலும் நீங்கள் சொல்ல வேண்டும். அதையும் இந்த வீட்டில் உள்ள யாராவது சொல்லட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்களை போன் எடுக்கச் சொல்லி மாமி சொல்லவில்லை. எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்காமலே, அறைக்குள்ளிருந்து கூப்பிட்டு ஒன்று எழுதச் சொன்னார். "அங்கை இஞ்சையிலும் பாக்கக் குளிர் கூடவாம். காதை மூடிக்கொண்டு திரியச் சொல்லு. அந்தப் பிள்ளைக்கும் சொல்லச் சொல்லு."

சொன்னபடியே எழுதிவிட்டேன்.

நிலாணி