ஐந்தாம் மாடியில் பத்துப் பேர்

ஜனவரி 9

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் பேத்திக் குட்டியும் நலம் என்று எனக்குத் தெரியும். நேற்றுதான் போனில் அரை மணி நேரம் பேசினாய். பேசினோம் என்று எழுத ஆசைதான், ஆனால் எனக்கு நீ இடமே தரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தாளில் நீ குறுக்கே பேச முடியாது.

நம் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துவிடுகிறேன், பிறகு நீ மாற்றிப் பேசக் கூடாது. நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த உடற்பயிற்சிக்கூடத்தை மூடிவிட்டார்கள். இனி நானே தனியாகப் பயிற்சி கொடுக்கப் போகிறேன். ஜூன் முப்பதாம் தேதிக்குள் விடாமல் வருகிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், நான் இங்கேயே இருப்பேன். ஒரு ஆள் குறைந்தாலும் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீ போடும் டிக்கெட்டில் ஏறி உன் வீட்டுக்கு வந்து, குட்டியைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பேன். கடைசிப் பாதியை நீ நம்ப மாட்டாய். நானும் நம்பவில்லை.

அறை ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். இரண்டு ஜன்னல், சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, கூடத்தை மூடும்போது அவர்கள் எனக்கே கொடுத்துவிட்ட பாய்களும் எடைகளும். இடம் சிறிது, வெளிச்சம் தாராளம்.

விளம்பரப் பலகையில்தான் கோட்டை விட்டேன். அடித்துக் கொடுத்தவர், "அக்கா, உங்க படம் வேணாம், நான் நல்ல படமா போட்டுத் தரேன்" என்றார். போட்டார். வயிற்றில் செங்கல் அடுக்கினாற்போல ஓர் ஆண்பிள்ளை. இந்த வாரம் மூன்று பேர் ஐந்தாம் மாடிவரை வந்து அவரைத்தான் கேட்டார்கள். ஒரு பெண் கதவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள். நான்தான் பயிற்சியாளர் என்றேன். என் நரைமுடியிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போனாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

பத்துக்குப் பூஜ்யம். சிரிக்காதே.

உன் அம்மா


ஜனவரி 30

அன்புள்ள அம்மாவுக்கு,

சிரித்தேன். உன் மருமகளிடம் படித்துக் காட்டி அவளும் சிரித்தாள். அந்தப் பலகையை முதலில் இறக்கு.

எங்கள் ஆபீசில் விற்பனைப் பிரிவில் இருப்பவரிடம் யாரோ நண்பருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். முதல் வகுப்பை இலவசமாகக் கொடுக்கச் சொன்னார். உடம்பு இளைத்தவர்களின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னார். சேருகிறவர் இன்னொருவரைக் கூட்டி வந்தால் சலுகை தரச் சொன்னார். உனக்கு இதெல்லாம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன், கோபப்படாதே. ஐம்பத்து நான்கு வயதில் என் அம்மா ஊரார் காலைப் பிடித்து நீட்டிவிட வேண்டுமா? நான் சம்பாதிப்பது எதற்கு? இங்கே உனக்குத் தனி அறை இருக்கிறது. பால்கனி இருக்கிறது. ஜூன் வரை போவானேன், மார்ச்சிலேயே வந்துவிடேன்.

உன் மகன்


மார்ச் 6

அன்பு மகனுக்கு,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை, போனையும் எடுக்கவில்லை. கோபம்தான், வேறு காரணம் தேடாதே. முதல் நாள் அழுதேன், இரண்டாம் நாள் உன்னைத் திட்டினேன், மூன்றாம் நாளிலிருந்து வேலை வந்துவிட்டது. அடுத்தவர் காலைத் தொடுவது கேவலம் என்றால் டாக்டரும் கேவலம், செருப்புக் கடைக்காரரும் கேவலம். நீ நடை பழகாமல் ஒன்றரை வயதுவரை உட்கார்ந்தே கிடந்தபோது, தினமும் உன் காலை மடக்கி நீட்டியதும் இந்தக் கைதான். இதோடு விட்டேன்.

உன் ஆபீஸ்காரர் சொன்னபடி இலவச வகுப்பு வைத்தேன். அறிவிப்பைக் கீழ் வாசலில் ஒட்டினேன். இருபத்து மூன்று பேர் வந்தார்கள், பாய் போதவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் கற்றதையெல்லாம் ஒரே மணி நேரத்தில் கடை பரப்பிவிட்டேன். தண்டால் எடுத்துக் காட்டினேன், ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்தேன், அவர்களையும் எழச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். என் கால் தரையில் இல்லை.

மறுநாள் ஒருவர்கூட வரவில்லை. வர முடியவில்லை என்று சொல்வதுதான் சரி. மூன்றாம் மாடிப் பல் டாக்டர் போன் செய்து, நோயாளியின் வாய்க்குள் குனிய முடியாமல் கிளினிக்கை மூடிவிட்டதாகச் சொன்னார். தையல்கடை அம்மாவால் மெஷினை மிதிக்க முடியவில்லை. வந்தவர்களை இழுத்துப் பிடிப்பதற்குப் பதில், இருபத்து மூன்று பேரையும் ஒரே அடியில் படுக்க வைத்துவிட்டேன்.

வெட்கத்தைப் பார்த்தால் பிழைக்க முடியாது. பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் போனேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். பிறகு முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். உங்கள் உடம்பு என்ன செய்தால் உங்களுக்குப் போதும்? பல் டாக்டர் யோசிக்கவே இல்லை. "சாயந்தரம் ஆறு மணிக்கு இடுப்பைப் பிடிக்காம நிக்கணும். அவ்வளவுதான்" என்றார். தையல்கடை அம்மாவுக்குக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் நிற்பவரைப் பார்க்க வேண்டும். செங்கல் வயிறு ஒருவருக்கும் வேண்டாம்.

இருவரும் சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் இன்னும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கமாக நடக்கிறார்கள்.

உன் அம்மா


மார்ச் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

ஊரார் காலைப் பிடிப்பது பற்றிய அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. உன் மருமகள் அப்போதே அதை அடித்துவிடச் சொன்னாள், நான் கேட்கவில்லை. இப்போது அவள் இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மூன்று மாதத்தில் இரண்டு பேர். எட்டுப் பேர் பாக்கி.

உன் மகன்


மே 12

அன்பு மகனுக்கு,

உட்கார்ந்து படி. லிஃப்ட் கெட்டுப்போய்விட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் நின்றது, அதற்கு வேண்டிய சாமான் எங்கிருந்தோ வர வேண்டுமாம். ஐந்தாம் மாடியில் கடை போட்டவளின் நிலைமையை நினைத்துப் பார். பல் டாக்டரே ஒரு நாள் பாதிப் படியில் நின்று, அறையைக் கீழே மாற்றக் கூடாதா என்று கேட்டார். அன்றைக்கு மட்டும், உன் பால்கனியில் நாற்காலி எந்தப் பக்கம் போடலாம் என்று நினைத்துப் பார்த்தேன். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்.

நாலாம் மாடியில் ஒரு கணக்காளர் அம்மா இருக்கிறாள். கனத்த உடம்பு, என்னைவிடப் பத்து வயது சின்னவள். தினமும் காலையில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரில் கை ஊன்றி நிற்பாள். யாராவது வந்தால் போனில் பேசுவதுபோல் காதில் வைத்துக்கொள்வாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். ஒரு நாள் அந்தப் போன் அவள் காதில் இருக்கும்போதே மணி அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தேன்.

உடற்பயிற்சி என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை. பாதத்தை முழுசாகப் படியில் வை, குதிகாலால் அழுத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய், எழும்போது மூச்சை விடு என்றேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வேண்டுமென்றே நில், நிற்பதும் பயிற்சியில் சேர்த்திதான் என்றேன். மறுநாள் அவளுக்காகவே அதே நேரத்துக்குக் கீழே போய் நின்றேன். மூன்றாம் நாள் எங்கள் பின்னால் இன்னும் இரண்டு பேர் சும்மா ஏறுவதுபோல் ஏறினார்கள். காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

அதன்பிறகு, முதல் வகுப்பு படியில்தான் என்று வைத்துவிட்டேன். மேலே வந்து சேர்கிறவர் ஏற்கெனவே பாதி ஜெயித்துத்தான் வருகிறார், எனக்குப் பேசி மயக்க வேண்டிய வேலையே இல்லை. இப்போது ஏழு பேர். போன் அம்மாவும் அதில் ஒருத்தி.

உன் அம்மா


ஜூன் 16

அன்பு மகனுக்கு,

முதலில் கெட்ட செய்தி. ஜூன் முதல் தேதி லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்கள்.

முந்தின நாளே வாட்ச்மேன் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு பேரில் ஐந்து பேர் படிக்காக வந்தவர்கள், படி தேவையில்லை என்றால் நானும் தேவையில்லை என்றுதான் கணக்குப் போட்டேன். காலை எட்டரைக்குக் கீழ் வாசலில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். உன் அம்மா, ஐம்பத்து நான்கு வயதில், திருடியைப்போல.

லிஃப்ட் முன்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். இரண்டு மாதம் பட்ட பாட்டுக்கு எல்லோர் முகத்திலும் சந்தோஷம். கணக்காளர் அம்மா வந்தாள். கதவு திறந்தது, உள்ளே இருந்து ஒருவர் அவளுக்காகப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாங்க என்றார். அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படிப்பக்கம் திரும்பிவிட்டாள்.

வாட்ச்மேனுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, லிஃப்ட் நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் படில போறீங்க?"

"என்னால முடியுது, போறேன்" என்றாள்.

அவள் நிற்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தையும் தாண்டிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. பின்னாலேயே பல் டாக்டர், அப்புறம் தையல்கடை அம்மா. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் லிஃப்டை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நன்றாகவே அழுதேன்.

என்னிடம் பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. அன்று மாலைக்குள் அந்த வரிசையிலிருந்து நாலு பேர் மேலே வந்தார்கள். படியேறி வந்தார்கள். போன வாரம் இன்னும் மூன்று பேர். அதில் ஒருத்தி இலவச வகுப்பில் என்னிடம் அடிபட்டவள், "இந்தத் தடவை பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிக்கொண்டே பாயை விரித்தாள். பார்த்துத்தான் செய்கிறேன். ஏழும் ஏழும் பதினாலு. கணக்கைச் சரிபார்த்துக்கொள், நீ படித்தவன்.

நான் எங்கும் வருவதாக இல்லை. தோற்றவன் நீ. வருத்தப்படாமல் ஒப்புக்கொள்.

உன் அம்மா


ஜூன் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒப்புக்கொள்கிறேன். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு இதுவரை இருந்ததில்லை.

கடிதத்தை உன் மருமகள் சத்தமாகப் படித்தாள். தூண் இருக்கும் இடத்துக்கு வந்ததும் அவளால் படிக்க முடியவில்லை, நான் வாங்கிப் படித்தேன். என்னாலும் முடியவில்லை. குட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆபீசில் நண்பருக்காக என்று கேட்டேன் அல்லவா? அது மட்டும் இல்லை. யார் கேட்டாலும் அம்மா ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறாள் என்றுதான் சொல்லி வந்தேன். உனக்கு ஓய்வு வேண்டும் என்று நான் சொன்னதில் பாதி பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் நிஜம். நேற்று பக்கத்து மேஜைக்காரர் முதுகு வலி என்று முனகினார். என் அம்மா பயிற்சியாளர், கேட்டுச் சொல்கிறேன் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு ரொம்ப நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. குட்டியோடு தரையில் விளையாடிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு எழ என்னால் முடியவில்லை. அவளை இறக்கிவிட்டு, சோபாவைப் பிடித்து, முட்டி போட்டு எழுகிறேன். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு முப்பத்தொரு வயதுதான் ஆகிறது அம்மா.

உனக்கு டிக்கெட் போடவில்லை. எனக்குத்தான் போட்டிருக்கிறேன், ஆகஸ்டில் மூன்று வாரம். உன்னைக் கூட்டி வருவதற்காக அல்ல. என்னைச் சேர்த்துக்கொள்வாயா?

உன் மகன்


ஜூலை 3

அன்பு மகனுக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ வெட்கப்பட்டது எனக்கு அப்போதே தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா? நீயாக வந்து சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டாய், அது முடிந்தது. இனி அதைப் பற்றி நீயும் பேசாதே, நானும் பேச மாட்டேன். பக்கத்து மேஜைக்காரரை முதலில் நாற்காலியை விட்டு மணிக்கொரு தரம் எழுந்து நடக்கச் சொல்.

சேர்ப்பதில்தான் சிக்கல். இன்றைக்குப் பதினேழு பேர் வருகிறார்கள், நாலு பேர் இடத்துக்குக் காத்திருக்கிறார்கள். மகன் என்று உன்னை அவர்களுக்கு முன்னால் செருக முடியாது, கணக்காளர் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள். இருப்பது ஒரே நேரம்தான், காலை ஐந்தே முக்கால். அது நான் எனக்காகப் பயிற்சி செய்யும் நேரம். உன் அப்பா இறந்த வருஷத்தில்கூட அதை விடவில்லை, அதில்தான் தேறி எழுந்தேன். பழைய கூடத்து முதலாளியம்மா கேட்டபோதும் தர மாட்டேன் என்றவள். யாருக்கும் கொடுத்ததில்லை.

உனக்குத் தருகிறேன். மூன்று வாரமும் பக்கத்துப் பாயில் நீ.

குட்டியையும் மருமகளையும் அழைத்து வா. நீ அவளைத் தூக்கிக்கொண்டு தரையிலிருந்து எழுவதை நான் பார்க்க வேண்டும். மூன்று வாரத்தில் முடியும், உன் உடம்பை உன்னைவிட எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்றுதான் என் நிபந்தனை. காலையில் உன்னை நான் வந்து எழுப்ப மாட்டேன். நீயாக எழுந்து வர வேண்டும்.

உன் அம்மா,
பயிற்சியாளர்