உதிரிபாகம் இன்னும் வரவில்லை

பிப்ரவரி 11, செவ்வாய்

பனி விடவில்லை. துப்பாக்கிப் பட்டறையின் ஹீட்டர் காலையிலேயே மக்கர். நாலு உதை உதைத்த பிறகுதான் எரிந்தது.

பதினோரு மணிக்கு ஆர்லின் வந்தான். அக்டோபரில் மனைவி கோராவைப் புதைத்த பிறகு அவன் இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. இளைத்துவிட்டான். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை, ஆணியால் குத்தியது. மேஜைமேல் ஒரு ரிவால்வரை வைத்தான். கிறிஸ்துமஸ் கழித்து வாங்கினானாம்.

“விசை ஒரே மாதிரி இல்ல, மார்வா. ஒரு தடவ லேசா வருது, ஒரு தடவ கல்லு மாதிரி நிக்குது.”

“வாங்கின கடையிலயே குடுக்க வேண்டியதுதானே?”

“அவனுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும்.”

நாலாம் வகுப்பிலிருந்து எனக்கு இவனைத் தெரியும். இதற்குமேல் இவனிடமிருந்து பாராட்டு வராது. இரண்டு நாளில் தருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

சிலிண்டரின் ஆறு அறைகளுக்கும் சாக்பீஸால் எண் போட்டு, விசையில் கொக்கித் தராசை மாட்டி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். நாலு அறைகளில் பத்து பவுண்டு. மூன்றாவதில் பதின்மூன்று, ஆறாவதில் பதினாலு. திரும்பத் திரும்ப அதே இரண்டுதான். அப்படியென்றால் ஸ்பிரிங்மேல் குற்றமில்லை. சிலிண்டருக்குப் பின்னால் அதைச் சுற்றவைக்கும் பற்கள் ஆறு இருக்கும். அதில் இரண்டில் பிசிறு. தொழிற்சாலையில் எவனோ அவசரத்தில் விட்டது. வழவழப்பான கல்லால் தேய்த்தேன். முப்பது நிமிட வேலை. ஆறும் பத்து பவுண்டு. சீட்டியடித்துக்கொண்டே துடைத்தேன்.

துடைக்கும்போதுதான் பார்த்தேன். துணியில் கரி இல்லை. குழலுக்குள் டார்ச் அடித்தேன், பளபளவென்று இருந்தது. ஆர்லின் இதில் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

ஆனால் சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு தேய்ந்திருக்கிறது. வருடக்கணக்கில் புழங்கிய துப்பாக்கியில்தான் அப்படி விழும். வாங்கி ஆறு வாரம்தான். ஆயிரம் தடவை இழுத்திருப்பானா? அதற்கும் மேலா? குண்டு போடாமல், வெறுமனே, அந்தக் காலி வீட்டில் உட்கார்ந்துகொண்டு—

பட்டறையை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

எழுதிவிடுகிறேன். ஒன்பது வருடமாக இந்த நோட்டில்கூட எழுதாதது.

என் அண்ணன் ராய்ஸும் ஒரு துப்பாக்கி கொண்டுவந்தான். விசை இறுக்கமாக இருக்கிறது என்றான். அன்றைக்கே சரி செய்து கொடுத்தேன். எவ்வளவு பெருமை எனக்கு! “வெண்ண மாதிரி ஆக்கிட்டியே” என்று என் தலையைத் தட்டினான். பதினோராம் நாள் போன் வந்தது. அதே துப்பாக்கிதான்.

அவன் கண்ணை நான் ஒரு தடவையாவது நேராகப் பார்த்தேனா? துப்பாக்கியைத்தானே பார்த்தேன். அதைத்தான் பார்த்தேன், பாவி.

பிப்ரவரி 15, சனி

ஆர்லின் வந்தான். ரிவால்வர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. “உதிரிபாகம் வரணும்” என்றேன்.

“எத்தன நாளாகும்?”

“சொல்ல முடியாது.”

காப்பி குடித்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 22, சனி

வந்தான். பாகம் வரவில்லை. காப்பி, இலவங்கப்பட்டை ரொட்டி இரண்டு. சாப்பிட்டான்!

மார்ச் 8, சனி

இன்று அவன் வரவில்லை. ஒரு மணிவரை பொறுத்தேன். பிறகு ஒரு பானை மிளகாய்க்கறியை எடுத்துக்கொண்டு நானே அவன் மாட்டுப் பண்ணைக்குப் போனேன்.

ஆள் கொட்டகையில் இருந்தான், முழங்கைவரை ரத்தம். கன்று தலைகீழாகத் திரும்பியிருந்ததாம், பிழைத்துவிட்டது. சமையலறைக்குள் போனோம். சாப்பாட்டு மேஜையில் கோராவின் மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் துப்பாக்கி எண்ணெய்ப் புட்டி. அவளுடைய நாற்காலிக்கு எதிரே அவன் நாற்காலி. அங்கேதான் உட்கார்ந்திருப்பான், தெரிந்துவிட்டது.

வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அப்படியே கேட்டேன். “ஆர்லின், செத்துப்போகணும்னு நினைக்கிறியா?”

இந்த ஊரில் யாரும் யாரையும் இப்படிக் கேட்பதில்லை. வானிலையைக் கேட்போம், மாட்டு விலையைக் கேட்போம். அவன் கை கழுவிக்கொண்டே இருந்தான். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது.

“இப்ப எங்க முடியும். மாடுங்க கன்னு போட்டுட்டிருக்கு.”

இல்லை என்று சொல்லவில்லை. கவனித்தேன், இல்லை என்று சொல்லவே இல்லை.

“இன்னும் எத்தன மாடு பாக்கி?”

“தொண்ணூத்தஞ்சு.”

டாக்டரிடம் போவோம், நானே கூட்டிப்போகிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றான். கறி நன்றாயிருக்கிறது என்றான்.

மார்ச் 22, சனி

“பாகம் வந்துச்சா?”

“கப்பல்ல வருதாம்.”

“இந்த நாட்டுலயே செஞ்ச துப்பாக்கிக்கு எதுக்குடி கப்பலு?”

“எனக்கென்ன தெரியும், கப்பல்காரனக் கேளு.”

சிரித்தான். ஒரு நொடிதான், ஆனாலும் சிரித்தான். இன்னும் ஐம்பத்தொன்று.

ஏப்ரல் 9, புதன்

பன்னிரண்டு. சர்ச்சில் புதன் ஜெபத்தில் எல்லாரும் இந்த வருடம் மாடுகள் கன்று போடுவது சீக்கிரம் முடிகிறது என்று நன்றி சொன்னார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, மாடுகள் மெதுவாக ஈனட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கர்த்தருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

இரண்டு.

ஏப்ரல் 26, சனி

காலை ஒன்பதுக்கே வந்துவிட்டான். முகம் மழித்திருந்தான், சுத்தமான சட்டை. ராய்ஸும் கடைசி வாரம் அப்படித்தான் இருந்தான்.

“கடைசி மாடும் விடியக்காலம் ஈனிடுச்சு. பாகம் வந்திருக்கணுமே?”

காப்பியை ஊற்றினேன், கோப்பை நிறைந்தும் நிறுத்தவில்லை, மேஜையெல்லாம் கொட்டியது. சொல்லிவிட்டேன்.

“பாகம்னு ஒண்ணும் இல்ல ஆர்லின். நீ குடுத்த மறுநாளே சரி பண்ணிட்டேன். ரெண்டு பல்லு, அரைமணி நேர வேலை. தரமாட்டேன். போலீஸக் கூப்புடு, ஷெரிஃபக் கூப்புடு, தரமாட்டேன்! ராய்ஸுக்குக் குடுத்தேன். அன்னிக்கே குடுத்தேன். உனக்கும் குடுத்துட்டு நான் எப்படிடா இருப்பேன்?”

அவன் கொட்டிய காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவனுடைய மகள் ஜனீனுக்குப் போன் செய்தேன். அவளிருக்கும் ஸ்போக்கேனிலிருந்து இங்கே பதினோரு மணி நேரப் பயணம். பாதி சொல்வதற்குள் “நான் கிளம்பிட்டேன்” என்றாள். அவள் வரும்வரை நான் அவன் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறக்கவில்லை. ஆனால் ஜன்னல் வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

செய்தி இல்லை. என் நட்பு போனாலும் போகட்டும், ஆள் இருக்கட்டும்.

மே 2, வெள்ளி

ஆர்லினுடைய பிக்கப் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஜனீன் ஓட்டிவந்தாள், கண்கள் வீங்கியிருந்தன. நேற்று அப்பாவை மைல்ஸ் சிட்டியில் டாக்டரிடம் காட்டினாளாம். செவ்வாய்க்கிழமைதோறும் வரச்சொல்லியிருக்கிறார்களாம். ஆர்லின் பின்பக்கத்திலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிவந்து என் மேஜைமேல் வைத்தான். கோரா தைத்த மெத்தைவிரிப்பு. பிரித்தேன். வீட்டிலிருந்த துப்பாக்கிகள், ஐந்தும். அவன் அப்பாவுடைய மான்வேட்டைத் துப்பாக்கிகூட.

“இதுலயும் விசை சரியில்ல” என்றான்.

“அஞ்சுலயுமா?”

“அஞ்சுலயும்தான்.” என்னை நேராகப் பார்த்தான். நானும் பார்த்தேன். “அவசரமில்ல, மார்வா. பாகம் கப்பல்ல வரட்டும்.”

துப்பாக்கிக்கு ஒன்று என்று ஐந்து பழுதுச் சீட்டு எழுதினேன். பழுது: விசை ஒரே மாதிரி இல்லை. திருப்பித் தரும் தேதி என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை. அவன் ஒவ்வொன்றாக வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

பதினேழாம் தேதி கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுகிறான். உதவிக்கு வரும் முப்பது பேருக்கு மிளகாய்க்கறி நான்தான் செய்ய வேண்டுமாம், போகும்போது உத்தரவு போட்டுவிட்டுப் போனான்.

அவர்கள் போன பிறகு இரும்புப் பெட்டியைப் பூட்டிவிட்டு, சீட்டுப் புத்தகத்தில் ஆறாவதாக ஒரு சீட்டு எழுதினேன். பெயர்: ராய்ஸ். பழுது: விசை இறுக்கம். திருப்பித் தரும் தேதி எழுதவில்லை. அழுது தீர்த்தேன்.